அந்தக் கடிதம் உங்கள் பெயருக்கு வந்தது

கேள்வி: நான் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 67. கணவர் காலமான பிறகு அவருடைய வேலையிலிருந்து வந்த தொகையில் பாதியை, ஜொஹானஸ்பர்க் பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் பங்குகளில் போட்டேன். பழைய நிறுவனம், நல்ல பெயர், ஆண்டுதோறும் டிவிடெண்ட். ஒரு நாள் காலை, தங்களுடைய பழைய கணக்குகளை நம்ப வேண்டாம் என்று அவர்களே அறிவித்தார்கள். இப்போது பங்கு வர்த்தகமே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தணிக்கையாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் கணக்கு சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு என்னதான் பொருள்? ஆண்டறிக்கை 200 பக்கத்துக்கு மேல். அதை யாராவது படிப்பார்களா என்று என் மகன் கேட்கிறான். இழந்ததற்கு யார் மீதாவது வழக்குப் போடலாமா? வேறு இரண்டு நிறுவனங்களிலும் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். விற்றுவிடட்டுமா? படித்தவள் நானே ஏமாந்தேன் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆண்டறிக்கையின் சில பக்கங்களை நகலெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைசியில் எழுதிய வெட்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2017 டிசம்பர் 5ஆம் தேதி மாலை, மரச்சாமான் விற்கும் பெரிய நிறுவனமான ஸ்டைன்ஹாஃப், தன் கணக்குகளில் முறைகேடு இருப்பதாகவும் தலைமை நிர்வாகி பதவி விலகிவிட்டதாகவும் அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் அதன் பங்கு விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அந்தப் பங்கை வைத்திருந்தவர்கள் யார் தெரியுமா? பெரிய பெரிய முதலீட்டு நிதிகள். சம்பளத்துக்கு ஆய்வாளர்களை வைத்து நாள் முழுக்கக் கணக்குகளையே படிக்க வைப்பவர்கள். உங்களைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணத்தைக் காக்கும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியமும் அவர்களில் ஒன்று. அந்த நிதியத்தில் மாதாந்திர ஓய்வூதியம் சேவைக் காலத்தையும் சம்பளத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், உறுப்பினர்களின் கைக்கு வரும் தொகை அதனால் குறையவில்லை. ஆனால் அவர்கள் சார்பில் போட்ட பணம் போனது போனதுதான். அத்தனை பேர் கண்ணிலும் மண்ணைத் தூவிய ஒரு விஷயத்தில், நீங்கள் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை. வெளியே சொல்லுங்கள். ஏமாந்தவர்கள் வாய்திறக்காமல் இருப்பதுதான் தவறு செய்தவர்களுக்கு வசதி.

இனி, கையெழுத்தின் பொருள். நீங்கள் அனுப்பிய நகல்களில் தணிக்கையாளரின் அறிக்கையும் இருக்கிறது. அதன் தலைப்புக்கு அடுத்த வரியைப் பாருங்கள். யாருக்கு எழுதப்பட்டது என்று இருக்கிறது? இயக்குநர்களுக்கு என்று இல்லை, அரசுக்கு என்றும் இல்லை. ‘பங்குதாரர்களுக்கு’ என்று இருக்கிறது. அம்மா, அது உங்கள் பெயருக்கு வந்த கடிதம். ஆண்டுக்கு ஒரு முறை வந்துகொண்டே இருந்திருக்கிறது. நம் மக்களில் பங்கு வைத்திருக்கும் நூறு பேரைக் கேட்டால், அதைப் பிரித்துப் படித்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம். பழி உங்கள் மேல் இல்லை. அந்தக் கடிதத்தை யாருக்கும் புரியாத மொழியில் எழுதிப் பழகிய என் தணிக்கைத் தொழிலின் மேல்தான் முதல் பழி.

அந்தக் கடிதம் என்ன சொல்கிறது? ‘எங்கள் கருத்தில், இந்தக் கணக்குகள் நிறுவனத்தின் நிலையை முக்கியமான எல்லா வகையிலும் நியாயமாகக் காட்டுகின்றன.’ அவ்வளவுதான். நிறுவனம் நல்ல நிறுவனம் என்று அது சொல்லவில்லை. பங்கு விலை சரியான விலை என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு திவாலாகாது என்றும் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், மோசடி எதுவுமே இல்லை என்று அது சத்தியம் செய்யவில்லை. ‘நியாயமான அளவு உறுதி’ என்பதுதான் எங்கள் தொழிலில் புழங்கும் சொல். முழு உறுதி அல்ல. கணக்கைத் தயாரிப்பது இயக்குநர்களின் பொறுப்பு. அதைச் சோதித்துக் கருத்துச் சொல்வது மட்டுமே தணிக்கையாளரின் வேலை. லட்சக்கணக்கான பற்றுவரவுகளில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துத்தான் சோதிக்க முடியும். அந்தத் தேர்வில்தான் தணிக்கையாளரின் தரம் தெரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் பயிற்சித் தணிக்கையாளனாக இருந்த காலத்தில், டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்குக்கு ஆண்டிறுதிச் சரக்குக் கணக்கெடுப்புக்குப் போனோம். உர மூட்டைகளைக் கூரை தொடும் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். நீளத்தில் 20 மூட்டை, அகலத்தில் 10, உயரத்தில் 12. பெருக்கினேன், 2,400. காகிதத்தில் எழுதிக்கொண்டேன். கிடங்குப் பொறுப்பாளரின் ஏட்டிலும் 2,400. வேலை முடிந்தது என்று நான் நினைத்தபோது, என்னுடன் வந்த மூத்தவர் ஏணி வேண்டும் என்றார். ஏணி பூட்டிய அறையில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். ‘பரவாயில்லை, காத்திருக்கிறோம்’ என்று ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஏணி வந்தது. நான்தான் ஏறினேன். மேலே போய்ப் பார்த்தால், நான்கு பக்கமும் சுவர் போல இரண்டிரண்டு வரிசை மூட்டைகள். நடுவில் தரை தெரிகிறது, கிணற்றை எட்டிப் பார்ப்பது போல. உண்மையில் இருந்தவை 1,248 மூட்டைகள். அந்தக் கிடங்கின் மணமும், கீழே நின்ற பொறுப்பாளரின் முகம் வெளுத்துப் போனதும் இன்றைக்கும் என் நினைவில் இருக்கின்றன.

அன்று ஏணி கேட்காமல் திரும்பியிருந்தால், எங்கள் தாள்களில் எல்லாமே சரியாகத்தான் இருந்திருக்கும். எண்ணியதும் பெருக்கியதும் ஏட்டோடு ஒத்துப்போனதும் சரி. கையெழுத்தும் விழுந்திருக்கும். அம்மா, ஒரே மாதிரியான இரண்டு கையெழுத்துகளுக்குள் இவ்வளவு வேறுபாடு ஒளிந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

மூட்டையை எண்ணலாம். எண்ண முடியாதவையும் கணக்கில் உண்டு, அங்குதான் ஆபத்து அதிகம். இதற்கு நமக்கு மிகவும் நெருக்கமான உதாரணம் டோங்காட் ஹ்யூலெட். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி, சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த நம் முன்னோர்கள் எந்தக் கரும்புத் தோட்டங்களுக்காக நேட்டாலில் இறக்கப்பட்டார்களோ, அந்தத் தொழிலில் வேரூன்றிய நிறுவனம். வட கடற்கரைப் பக்கம் அதன் பெயரைக் கேட்காத நம் குடும்பம் இருக்காது. 2019ஆம் ஆண்டில் அந்த நிறுவனம், 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்குகளை நம்ப வேண்டாம் என்று சந்தைக்கு அறிவித்தது. ஜூன் மாதம் பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. கணக்குகளைத் திருத்தி எழுதியபோது, பங்குதாரர்களுக்குச் சொந்தம் என்று காட்டிய மதிப்பில் சுமார் 12 பில்லியன் ராண்ட் காணாமல் போனது. 2022 அக்டோபரில் நிறுவனம் மீட்பு நிர்வாகத்தின் கீழ் போனது.

அங்கு யாரும் பெட்டியை உடைத்துப் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகக் கதை இல்லை. நில விற்பனைகளை உரிய காலத்துக்கு முன்பே வருமானமாக எழுதியிருந்தார்கள். செலவாகக் காட்ட வேண்டியதைச் சொத்தாகக் காட்டியிருந்தார்கள். கரும்பின் மதிப்பை உயர்த்திப் போட்டிருந்தார்கள். முதலாவதை மட்டும் விளக்குகிறேன். உங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டை ஒருவர் வாங்குவதாகச் சொல்லி ஒப்பந்தம் எழுதுகிறார். அவருக்கு வங்கிக் கடன் இன்னும் கிடைக்கவில்லை, பத்திரம் மாறவில்லை, ஒரு சென்ட் கூட உங்கள் கைக்கு வரவில்லை. ஆனால் நீங்கள் இன்றைக்கே வரவு நோட்டில் முழு விலையையும் எழுதி, ‘இந்த ஆண்டு எனக்கு அமோக லாபம்’ என்று மகனிடம் காட்டுகிறீர்கள். அடுத்த ஆண்டு அந்த ஆள் பின்வாங்கிவிட்டால், பழைய பொய்யை மறைக்க இன்னொரு வீட்டை விற்றதாக எழுத வேண்டும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு புரட்டிக்கொண்டே போகலாம், ஒரு நாள் நோட்டைப் பார்த்து வங்கிக்காரன் பணம் எங்கே என்று கேட்கும் வரை.

கரும்பின் மதிப்பு இன்னும் வழுக்கலான விஷயம். வயலில் நிற்கும் கரும்புக்கு ஹெக்டேருக்கு எத்தனை டன், டன்னுக்கு என்ன விலை, வெட்டும்போது எவ்வளவு சர்க்கரை என்று எல்லாமே மதிப்பீடு. ஒவ்வொன்றையும் சிறிது தாராளமாகப் போட்டால் போதும். கூட்டினால் மலை. இத்தகைய இடங்களில் தணிக்கையாளர் நிர்வாகத்தின் தாளை நிர்வாகத்தின் இன்னொரு தாளோடு ஒப்பிட்டுவிட்டு எழுந்து வந்தால், அது ஏணி இல்லாமல் மூட்டை எண்ணுவதுதான். ஸ்டைன்ஹாஃப் விஷயமும் வேறு வகையில் இதேதான். 2019 மார்ச்சில் வெளியான விசாரணைச் சுருக்கம், 2009 முதல் 2017 வரை சுமார் 6.5 பில்லியன் யூரோ அளவுக்குக் கற்பனையான அல்லது முறையற்ற பரிவர்த்தனைகள் பதிவாகியிருந்தன என்றது. வெளி நிறுவனங்கள் போலத் தோன்றியவற்றோடு நடந்த வணிகம் என்று காகிதம் சொன்னது. அந்த நிறுவனங்கள் உண்மையில் தனித்து நிற்பவைதானா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இப்போது உங்கள் மகனுடைய கேள்விக்கு வருகிறேன். 200 பக்கத்தை யாரும் முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை, நானும் படிப்பதில்லை. வண்ணப் படங்களையும் தலைவரின் உரையையும் தாண்டிவிட்டு நேரே பணப் பாய்வு அறிக்கைக்குப் போகிறேன். லாபம் என்பது ஒரு கருத்து. வங்கியில் வந்து விழுந்த பணத்தை அவ்வளவு எளிதில் கற்பனை செய்ய முடியாது. உங்கள் நகல்களில் அந்தப் பக்கம் இருந்தது நல்லதாயிற்று. மூன்று ஆண்டுகளை ஒப்பிட்டேன். முதல் ஆண்டில் காட்டிய ஒவ்வொரு 100 ராண்ட் லாபத்துக்கும் வியாபாரத்திலிருந்து ஏறக்குறைய 90 ராண்ட் பணமாக வந்திருக்கிறது. இரண்டாம் ஆண்டில் அது 60க்குக் கீழே. மூன்றாம் ஆண்டில் 30ஐத் தொடவில்லை. அதே காலத்தில் லாபம் ஆண்டுதோறும் ஏறியிருக்கிறது. பிறர் தர வேண்டிய பாக்கியும் ஏறியிருக்கிறது, கடனும் ஏறியிருக்கிறது. உங்களுக்கு டிவிடெண்ட் எதிலிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் சம்பளம் வராமல் கடன் அட்டையில் தீபாவளி கொண்டாடுவது போல.

இந்த மூன்று எண்களையும் பார்க்கக் கணக்கியல் பட்டம் தேவையில்லை. இத்தனை ஆண்டுகள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்த ஆசிரியைக்கு, வகுப்புத் தேர்வில் 95 வாங்கும் பிள்ளை பொதுத் தேர்வில் 30 வாங்கினால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று நான் சொல்லித் தர வேண்டுமா?

அதற்கு அடுத்தபடியாக, உங்களுக்கு வந்த அந்தக் கடிதத்தைப் படியுங்கள். 2016 டிசம்பர் முதல் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களின் தணிக்கை அறிக்கையில் ‘முக்கியத் தணிக்கை விஷயங்கள்’ என்ற பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். எந்த இடத்தில் தங்களுக்கு வேலை கடினமாக இருந்தது, எது அதிகமாக மதிப்பீட்டைச் சார்ந்தது, அங்கு என்ன செய்தார்கள் என்று தணிக்கையாளர்கள் தங்கள் வாயால் எழுத வேண்டும். உங்கள் நிறுவனத்தின் அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: நிலத்தின் மதிப்பு, வர வேண்டிய பாக்கி வசூலாகுமா என்பது. இரண்டு ஆண்டுகள் அதே இரண்டு விஷயங்கள், ஏறக்குறைய அதே சொற்கள். பின்னால் எந்த இடம் இடிந்ததோ, அந்த இடத்தைத்தான் அவர்கள் விரல் நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். மெல்லிய குரலில்தான். ஆனால் காட்டியிருக்கிறார்கள். சோதித்தது போதுமானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி. அதை விசாரணை சொல்லட்டும்.

அதே அறிக்கையின் கடைசியில், இந்தத் தணிக்கை நிறுவனம் எத்தனை ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறது என்று ஒரு வரி இருக்கும். தணிக்கையாளர்களை ஒழுங்குபடுத்தும் இர்பா வாரியம் 2015 இறுதியில் கொண்டுவந்த விதி அது. உங்கள் நிறுவனத்தில் அந்த எண்ணைப் பார்த்து நானே சற்று அதிர்ந்தேன். ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பத்து ஆண்டுக்கு மேல் ஒரே தணிக்கை நிறுவனம் பார்க்கக் கூடாது என்று இர்பா வகுத்த விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மே மாதக் கடைசியில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி விதிக்க வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று அதை நீக்கிவிட்டது. சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் அந்த விதியின் பக்கம் நின்றவன், இன்றும் நிற்கிறேன். இருபது முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் விருந்துண்டவர், அந்த வீட்டுச் சமையலில் உப்பு அதிகம் என்று சொல்வது கடினம். கையெழுத்திடும் தனிநபர் ஐந்து ஆண்டுக்கு மேல் தொடரக் கூடாது என்ற சட்டம் இருக்கிறது. ஆனால் அவர் இடத்துக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பவர் வருகிறார்.

தணிக்கையாளருக்கு மேல் கண் வைக்க வேண்டியவர்கள் தணிக்கைக் குழுவினர். 2008ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பொது நிறுவனத்தில் குறைந்தது மூன்று பேர், நிர்வாகத்தில் இல்லாத சுயேச்சை இயக்குநர்கள். அவர்களை ஒவ்வோர் ஆண்டும் தேர்ந்தெடுப்பது யார்? நீங்கள். பங்குதாரர் கூட்டத்தில் நடக்கும் வாக்கெடுப்பில். தணிக்கையாளரை நியமிப்பதும் அதே கூட்டத்தில்தான். நீதிபதி மெர்வின் கிங் தலைமையில் 1994இல் தொடங்கிய நம் நாட்டின் நிறுவன நிர்வாக நெறி அறிக்கைகள் உலகம் முழுவதும் மதிக்கப்படுபவை. 2025இல் ஐந்தாவது அறிக்கையும் வந்துவிட்டது. ஸ்டைன்ஹாஃபும் டோங்காட்டும் அந்த நெறிகள் எல்லாம் இருந்த நாட்டில்தான் நடந்தன. நெறிகளில் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆண்டறிக்கையில் ‘கிங் நெறிகளைப் பின்பற்றுகிறோம்’ என்று நாற்பது பக்கம் இருந்தால் அதைக் கண்டு மயங்காதீர்கள் என்று சொல்கிறேன். அதற்குப் பதில், தணிக்கைக் குழுவில் இருக்கும் மூன்று நான்கு பேரின் வாழ்க்கைக் குறிப்பைப் பாருங்கள். கணக்கு படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஒருவர் எத்தனை நிறுவனங்களின் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறார்? ஒன்பது ஆண்டுக்கு மேல் அங்கேயே இருப்பவர் இன்னும் ‘சுயேச்சை’தானா? நான்காவது கிங் அறிக்கையே அந்த ஒன்பது ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் சோதிக்கச் சொன்னது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மோசடிகள் வெடித்த பிறகு பங்குச் சந்தை ஒரு விதி கொண்டுவந்தது: 2020 டிசம்பர் 31 முதல் முடியும் நிதியாண்டுகளுக்கு, தலைமை நிர்வாகியும் நிதி இயக்குநரும், கணக்குகளில் உண்மைக்கு மாறானது இல்லை, உள் கட்டுப்பாடுகள் போதுமானவை என்று தங்கள் பெயரில் கையெழுத்திட வேண்டும். குறை இருந்தால் தணிக்கைக் குழுவிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒற்றைப் பக்கத்தை நகலெடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு பற்றி. இங்கே உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். தணிக்கை அறிக்கை உங்கள் பெயருக்கு வருகிறது என்றேன். ஆனால் 2020இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன, ஒன்று ஸ்டைன்ஹாஃப் பங்குதாரர் ஒருவருடையது, மற்றது ஆப்பிரிக்கன் வங்கியில் முதலீடு செய்தவர்களுடையது. நிர்வாகிகளின் அல்லது தணிக்கையாளரின் தவறால் நிறுவனத்துக்கு நட்டம் ஏற்பட்டு அதனால் பங்கு விலை விழுந்தால், அந்த நட்டத்தைக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கே, தனிப் பங்குதாரருக்கு அல்ல என்பது அவற்றின் சாரம். படித்தபோது எனக்கு மனம் வலித்தது. கடிதம் உங்களுக்கு, ஆனால் கடிதம் பொய்த்தால் கேட்கும் உரிமை இன்னொருவருக்கு. ஸ்டைன்ஹாஃப் விஷயத்தில் பின்னர் ஒரு சமரசத் தீர்வு வந்து, பங்கு வாங்கியவர்களுக்கு ஒரு சிறு பகுதி கிடைத்தது. அதுவும் பல ஆண்டு கழித்து, முறையாக உரிமை கோரியவர்களுக்கு.

அதனால் தனியாக வழக்குக்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஆனால் காலமும் கைவிட்டுப் போகக் கூடாது. பொதுவாக இழப்பீடு கேட்கும் உரிமை, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். பங்கு வாங்கிய ரசீது, தரகரின் மாதக் கணக்கு, ஆலோசகர் யாராவது வாங்கச் சொல்லியிருந்தால் அந்த மின்னஞ்சல், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக வையுங்கள். கூட்டுக் கோரிக்கை ஏதாவது தொடங்கினால் உங்களிடம் கேட்கப்போவது இவைதான். முதலீட்டு ஆலோசகர் ஒருவர் உங்கள் வயதையும் நிலையையும் தெரிந்துகொண்டே பாதித் தொகையை ஒரே பங்கில் போடச் சொல்லியிருந்தால், நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் அவர் மீது தனியாகப் புகார் செய்யலாம்; அது நிறுவனத்தோடு சம்பந்தப்படாத வேறு வழி. தணிக்கையாளர் மீது இர்பாவிடமும், இயக்குநர்கள் மீது நிறுவனங்கள் பதிவு ஆணையத்திடமும் நீங்களே எழுதலாம். பணம் திரும்பி வரும் என்று நினைத்து எழுதாதீர்கள். உங்கள் பெயர் பதிவில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுங்கள்.

யாராவது தொலைபேசியில் அழைத்து, ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்றால் உடனே துண்டித்துவிடுங்கள். வீழ்ந்த நிறுவனங்களின் பங்குதாரர்களைத் தேடிப் பிடித்து இரண்டாம் முறை ஏமாற்றுவதே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரிப் பக்கம் ஒரு சிறு ஆறுதல் உண்டு. பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டிருக்கும் வரை நட்டம் கணக்கில் வராது. நிறுவனம் கலைப்புக்குப் போய், பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சாது என்று கலைப்பாளர் எழுத்தில் அறிவித்தால், அந்தத் தேதியில் நீங்கள் பங்கை விட்டதாகக் கருதி மூலதன நட்டத்தை வரிக் கணக்கில் காட்டலாம். மற்ற பங்குகளை விற்று வரும் மூலதன லாபத்தில் அதைக் கழிக்கலாம், அடுத்த ஆண்டுகளுக்கும் கொண்டுபோகலாம்.

மற்ற இரண்டு நிறுவனங்களை விற்பதா என்பது பற்றி, பெயர் தெரிந்தும் நான் விற்கவோ வைத்திருக்கவோ சொல்லப்போவதில்லை. உங்கள் நிலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 67 வயதில், அன்றாடச் செலவுக்கு வேண்டிய பணம் பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. அரசின் சில்லறைச் சேமிப்புப் பத்திரங்கள் சிறு தொகைக்கும் கிடைக்கின்றன. இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கு வட்டி நிலையானது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் தேவைப்படும் என்று தோன்றும் தொகை அங்கே அல்லது வங்கி வைப்பில் இருக்கட்டும். மிச்சத்தை வைத்திருக்க விரும்பினால், ஓர் உரிமையாளராக வைத்திருங்கள்.

அதில் நம்மவர்கள் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. உங்கள் பங்குகள் காகிதச் சான்றிதழாக இல்லாமல், தரகரின் வழியாக மின்னணு வடிவில் இருக்கின்றன. நிறுவனத்தின் பதிவேட்டில் பெரும்பாலும் தரகரின் நியமன நிறுவனத்தின், அதாவது உங்களுக்காகப் பங்கைத் தன் பெயரில் வைத்திருக்கும் நிறுவனத்தின், பெயர்தான் இருக்கும். உங்கள் பெயர் இருக்காது. அதனால் கூட்ட அறிவிப்பு உங்கள் கைக்கு வராமல் போகலாம். தரகருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஆண்டறிக்கைகளும் பங்குதாரர் கூட்ட அறிவிப்புகளும் உங்களுக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். கூட்டத்தில் கலந்துகொள்ள ‘பிரதிநிதித்துவக் கடிதம்’ (letter of representation) வேண்டும் என்றும் கேளுங்கள். அந்தச் சொல்லை அப்படியே சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். பொது நிறுவனங்கள் குறைந்தது 15 வேலைநாள் முன்பே அறிவிப்புத் தர வேண்டும் என்பதால் நேரம் இருக்கும். ஜொஹானஸ்பர்க்குக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை, பெரும்பாலான கூட்டங்களில் இப்போது இணையம் வழியாகவே கலந்துகொள்ளலாம். உங்களுக்குப் பதிலாக மகனையும் அனுப்பலாம்; பதிலாளாக வருபவர் பங்குதாரராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை.

உங்கள் இரண்டு நிறுவனங்களில் ஒன்று வரும் மாதங்களில் கூட்டம் நடத்தும். அதன் பணப் பாய்வுப் பக்கத்தையும் தணிக்கை அறிக்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மாலை மகனுடன் சமையலறை மேசையில் உட்காருங்கள். லாபத்துக்கும் வந்த பணத்துக்கும் உள்ள விகிதத்தை ஐந்து ஆண்டுகளுக்கு எழுதுங்கள். முக்கியத் தணிக்கை விஷயங்களில் ஒன்றை எடுத்து, தணிக்கைக் குழுத் தலைவருக்கு ஒரு கேள்வி எழுதுங்கள்: ‘இந்த மதிப்பீட்டை நிர்வாகத்தின் தாள்களைத் தவிர வேறு எதோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்?’ இதுவே போதும். ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்லது, மனத்தில் உள்ளது மழுங்காமல் வரும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாகவே திருத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.